ஜாமீன்: முதலில் அது ஓர் ஆள்

கடலூர் கோர்ட் வாசலில் சற்று நேரம் நின்றால் இப்படி ஒரு பேச்சு காதில் விழும். “தம்பிக்கு ஜாமீன் கிடைச்சிடுச்சு.” “அப்புறம் ஏன் இன்னும் வெளியே வரலை?” “ஜாமீன் கிடைக்கலையே!” கேட்பவருக்குத் தலை சுற்றும். ஆனால் சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை. முதல் ஜாமீன் நீதிபதி போட்ட உத்தரவு. இரண்டாவது, கையெழுத்துப் போட வரவேண்டிய மனிதர்.

மூலப்படி பார்த்தால் இரண்டாவதுதான் சரி. அரபியில் ‘ளாமின்’ என்றால் பொறுப்பேற்பவர். பாரசீகம், உருது வழியாக அது நம்மிடம் வந்தது. உருதுவில் ஆள் ‘ஜாமின்’, அவர் தரும் உறுதி ‘ஜமானத்’. நாம் ஜமானத்தை விட்டுவிட்டு ஆளின் பெயரை உத்தரவுக்கு வைத்தோம். பிறகு ஆளைச் சொல்ல வார்த்தை இல்லாமல் ‘தார்’ ஒட்டினோம், மரியாதைக்கு ‘அர்’ சேர்த்து ஜாமீன்தாரர் ஆக்கினோம். ஜமீன் வேறு, அது நிலம். ‘ஜமீனில் வந்த அண்ணனே’ என்று போஸ்டர் அடிப்பவர்கள் கவனிக்க.

ஆங்கில ‘பெயில்’ பழைய பிரெஞ்சிலிருந்து போனது. அதன் லத்தீன் வேருக்குச் சுமத்தல் என்று பொருள். இன்றைய பிரெஞ்சில் அதே எழுத்துகள் வாடகை ஒப்பந்தத்தைக் குறிக்கும்.

தமிழில் பிணை. களத்தில் மாடுகளைச் சேர்த்துக் கட்டிக் கதிரை மிதிக்க விடுவதைப் பிணையடித்தல் என்பார்கள். ஒன்று நகர்ந்தால் மற்றதும் நகரவேண்டும். வாய்தாவுக்கு வராதவனுக்குப் பிணை நின்றவர் பாடும் அதுதான். பிணை, பிணையாளர், பிணைமுறி (எழுதித் தரும் உறுதிப் பத்திரம்), முன்பிணை (முன்ஜாமீன்) என்று ஒரே வேரில் எல்லாம் அமைகின்றன. கோர்ட் வாசல் குழப்பமும் தீரும்: பிணை கிடைத்தது, பிணையாளர் கிடைக்கவில்லை. புணை என்றும் ஒரு சொல் உண்டு. அதற்குத் தெப்பம், ஈடு இரண்டும் பொருள். எனக்கு அதுதான் பிடிக்கும், ஆனால் இன்று எழுதினால் யாருக்கும் விளங்காது.

அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படை உரிமைகளில் பிணை என்ற சொல்லே கிடையாது. 22ஆம் பிரிவு கைதுக்கான காரணத்தைச் சொல்லவும், வக்கீல் வைத்துக்கொள்ளவும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவும் சொல்கிறது. பிணையை நீதிமன்றங்கள் 21ஆம் பிரிவின் தனிமனித சுதந்திரத்திலிருந்து எடுத்துக்கொண்டன.

அந்தச் சுதந்திரம் கடலூர்-புதுச்சேரி எல்லையான முள்ளோடையில் இடறும். கடலூர்ப் பக்கம் ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் மது பாட்டிலோடு பிடிபட்டவருக்கு வீடு, உறவு எல்லாம் புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம். கையெழுத்துக்கு அண்ணன் வந்தால் ‘உள்ளூர் ஆள் வேண்டும்’ என்ற பேச்சு எழும். 1978இல் மத்தியப் பிரதேசக் கொத்தனார் மோதிராமுக்கும் இதேதான் நடந்தது. 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார்கள். பிணை நிற்க வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று மறுத்தார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் கடுமையாகக் கண்டித்து, 1,000 ரூபாய்க்கு அவருடைய சொந்தப் பிணைமுறியிலேயே விடச் சொன்னார். உள்ளூர்ப் பிணையாளர் நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்லவேண்டி வந்தது. பிணையில் விடத்தக்க குற்றமானால் இன்னொரு வழியும் உண்டு. கைதாகி ஒரு வாரத்துக்குள் பிணையாளர் கிடைக்காதவரை வசதியற்றவராகக் கருதி, அவர் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு விடவேண்டும்.