உண்ணாத பூச்சியும் உண்டே வளர்ந்த புழுவும்

பினாங்குத் தீவில், பாலிக் புலாவின் பழத்தோட்டங்களிலும் கொடிமலை அடிவாரத்து வீடுகளிலும், இரவெல்லாம் விளக்கெரிந்த சுவரில், விடியும் வேளையில் இரு உள்ளங்கை அகலத்திற்குச் செம்பழுப்புப் பூச்சியொன்று சிறகு விரித்து அமர்ந்திருப்பதைச் சிலர் கண்டிருக்கலாம். அதுவே அட்லஸ் விட்டில். சிறகுகளை விரித்தால் 24 சென்டிமீட்டர் வரை அகலும் இப்பூச்சி, டசர் பட்டு தரும் பூச்சிகளை உள்ளடக்கிய சட்டர்னிட் என்னும் காட்டுப் பட்டுப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பினாங்குக் கடைத்தெருவில் விற்கும் காஞ்சிபுரம் சேலைக்கு நூல் தரும் முசுக்கொட்டைப் பட்டுப்பூச்சியோ வேறொரு குடும்பத்தது.

முன்சிறகின் நுனி பாம்பின் தலையைப் போல வளைந்து, கண் போன்ற கரும்புள்ளியும் கொண்டிருப்பதால், அது பறவைகளை அச்சுறுத்துகிறது என்று கருதப்படுகிறது. சிறகின் நடுவிலுள்ள முக்கோணச் சாளரங்களில் செதில்கள் இல்லாததால், அவற்றின் வழியே ஒளி ஊடுருவும்.

ஆயினும் இப்பூச்சியின் உண்மையான வாழ்வு புழுப்பருவத்தில்தான் நடக்கிறது என்பேன். முட்டையிலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்குள் வெளிவரும் புழு, கொய்யா, எலுமிச்சை, இலவங்கப்பட்டை எனப் பலவகை இலைகளை ஓயாது தின்று, பலமுறை தோலுரித்து, வெண்மெழுகுப் பொடி பூசிய நீலப்பச்சை உடலுடன் 10 சென்டிமீட்டருக்கும் மேல் வளர்கிறது. வளர்ந்த பூச்சிக்கு உறிஞ்சுகுழல் செயலற்றுப் போயிருப்பதால், அது ஒரு துளித் தேனும் பருகுவதில்லை. பறப்பதற்கும் முட்டையிடுவதற்கும் வேண்டிய கொழுப்பு முழுவதையும் புழுவே சேர்த்துவைத்தாக வேண்டும்.

வளர்ந்த புழு இலைகளைச் சேர்த்துப் பழுப்புப் பட்டுக்கூடு பின்னும்போது, அதன் ஒரு முனையில் வெளியேறும் வழியையும் விட்டுவைக்கிறது. முசுக்கொட்டைப் பட்டுப்பூச்சி மூடிய கூட்டை உமிழ்நீரால் இளக்கித் துளைத்து வெளிவருவதால், பல நூறு மீட்டர் நீளமுள்ள அதன் ஒற்றை இழை அறுபடாதிருக்க வேண்டிக் கூட்டுப்புழுவை வெப்பத்தால் கொன்றுவிடுகிறார்கள். அட்லஸின் பட்டு துண்டு துண்டான இழைகளால் ஆனதாகையால், அதைப் பஞ்சைப் போல நூற்கத்தான் முடியும். ஃபகாரா எனப்படும் இப்பட்டு, கம்பளிபோல் கரடுமுரடானது.

சுமார் நான்கு வாரங்களில் பூச்சி வெளிவருகிறது. பெண் பூச்சி கூட்டிலிருந்து அதிகத் தொலைவு செல்லாமல், வயிற்று நுனியிலிருந்து காற்றில் மணம் பரப்பிக் காத்திருக்கும். ஆணோ இறகு போன்ற அகன்ற உணர்கொம்புகளால் அந்த மணத்தை வெகு தொலைவிலிருந்தே அறிந்து தேடி வரும். முட்டையிட்ட சில நாட்களில் பெண் இறந்துவிடும். இரண்டுக்கும் ஆயுள் ஓரிரு வாரங்களே.

ஆகவே, காலையில் சுவரில் அசையாதிருக்கும் அட்லஸைக் கண்டால், நோயுற்றதென எண்ணிச் சர்க்கரைநீர் வைக்கவோ பெருக்குமாற்றால் தள்ளவோ வேண்டாம். வாசல் விளக்கை மட்டும் அணைத்துவிட்டால், இருட்டியதும் அதுவே பறந்துவிடும்.