த்ரீ நாட் த்ரீ தோட்டாவின் அடிவட்டம் சொல்வதும் சொல்லாததும்

தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிய மண்ணிலோ பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளின் த்ரீ நாட் த்ரீ (.303) பித்தளைத் தோட்டா கிடைத்தால், பலரும் முதலில் செய்வது அதைப் புளி போட்டுத் துலக்குவதுதான். அதைச் செய்யாதீர்கள். அடிவட்டத்தின் நடுவில் இருக்கும், ஊசி குத்தினால் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் கேப்பைச் சுற்றி மயிரிழை போல ஒரு வண்ண வளையம் இருக்கும். தேய்த்தால் முதலில் அழிவது அதுதான். தேய்ந்துபோன எழுத்துகளின் மிச்சமும் கூடவே போய்விடும்.

துலக்குவதற்கும் படிப்பதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது, அது உயிருள்ள தோட்டாவா வெற்றுக் கூடா என்பதை. கேப்பில் ஊசி குத்திய பள்ளம் இருப்பதால் மட்டும் சுட்டு முடிந்தது என்று ஆகிவிடாது. வாயில் குண்டு செருகியபடியே இருந்தால், அது குத்தியும் வெடிக்காமல் போனதாக இருக்கலாம். அதற்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. கையில் தூக்கிப் பார்த்து மருந்து இருக்கிறதா என்று சொல்லவும் முடியாது: முழுத் தோட்டாவின் எடை ஏறக்குறைய 25 கிராம், அதில் மருந்து சுமார் 2.4 கிராம்தான். குறடு வைத்துக் குண்டைப் பிடுங்குவது, கேப்பைத் தட்டிப் பார்ப்பது எல்லாம் விரலுக்கும் கண்ணுக்கும் வினை. கேப்பில் இருக்கும் கலவை அடிபட்டால் வெடிப்பதற்காகவே செய்யப்பட்டது. வயதானால் அது செத்துவிடும் என்று நம்ப முடியாது. கிடந்த இடத்திலேயே விட்டு, படம் மட்டும் எடுத்துக்கொண்டு 112-க்குச் சொல்லுங்கள். பையில் போட்டு பஸ்ஸில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் உயிருள்ள தோட்டா ஒன்றே ஒன்று வைத்திருந்தாலும் குற்றம்.

இனி அடையாளம். த்ரீ நாட் த்ரீ கூட்டின் நீளம் 56.4 மி.மீ., அடியில் வெளியே துருத்தி நிற்கும் விளிம்பின் விட்டம் சுமார் 13.7 மி.மீ. கூடு 50 மி.மீ. அளவில் இருந்தால், அது உரிமத்தோடு வாங்கக்கூடிய .315 ரைஃபிளின் தோட்டாவாக இருக்கலாம். குழப்பம் இங்கேதான் வரும்: இரண்டின் அடியிலும் ‘கே.எஃப்.’ என்று பொறித்திருக்கலாம். அது புனே அருகே கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையின் குறி. .315-இல் கூடவே ‘8 எம்.எம்.’ என்றும் இருக்கும். ஆகவே ‘கே.எஃப்.’ என்று கண்டதுமே போலீஸ் தோட்டா, ராணுவத் தோட்டா என்று முடிவு கட்டாதீர்கள்.

‘ஆர்.ஜி.’ என்றால் இங்கிலாந்தின் ராட்வே கிரீன், ‘டி.ஐ.’ கனடா, ‘எம்.எஃப்.’ ஆஸ்திரேலியாவின் ஃபுட்ஸ்கிரே, ‘பி.ஓ.எஃப்.’ பாகிஸ்தான். எழுத்துகளுக்கு நடுவே வரும் அம்புக்குறி, அரசாங்கச் சொத்து என்பதற்கான பழைய பிரிட்டிஷ் முத்திரை.

ஆண்டைப் படிக்கும்போது எழுத்துகளை நேராக நிறுத்திய பிறகே எண்ணைப் பாருங்கள். தலைகீழாகப் பிடித்தால் 19 (1919) என்பது 61 (1961) ஆகிவிடும். நாற்பத்திரண்டு வருடப் பிழை. பிரிட்டிஷ் தோட்டாக்களில் ஆண்டு பொறிக்கும் வழக்கம் 1907 வாக்கில்தான் தொடங்கியது. அதற்கு முந்தையவற்றில் ‘சி’ என்ற எழுத்து இருந்தால், உள்ளே கருமருந்து அல்ல, கோர்டைட் என்று பொருள். பார்க்க நூலிழைகளைச் சேர்த்துக் கட்டியது போலிருக்கும் மருந்து அது. நீலகிரியில் 1903-இல் அருவங்காடு ஆலை தொடங்கப்பட்டது இதைத் தயாரிக்கத்தான்.

ஆண்டைச் சரிபார்க்க மார்க் எண், அதாவது தோட்டாவின் மாதிரி எண், உதவும். ரோம எண் ஏழு 1910-இல் வந்த கூர்முனைக் குண்டைக் குறிக்கும், எடை 11.3 கிராம். ஆறு என்றால் உருண்டை முனை, கிட்டத்தட்ட 14 கிராம். ஏழாம் மார்க்கோடு ‘08’ என்று தெரிந்தால் எங்கோ தவறாகப் படித்திருக்கிறீர்கள். லென்ஸை எடுத்து மறுபடி பாருங்கள். உருண்டை முனை என்பதாலேயே அது உடலில் பட்டதும் விரியும் டம்டம் குண்டு ஆகிவிடாது. டம்டம் வகையில் முனையில் ஈயம் வெளியே தெரியும்.

‘இசட்’ இருந்தால் உள்ளே கோர்டைட் இல்லை, நைட்ரோசெல்லுலோஸ் மருந்து. ‘டபிள்யூ’ கவசம் துளைப்பது, ‘ஜி’ பாதை காட்டும் ட்ரேசர், ‘பி’ தீ மூட்டுவது. வளைய நிறங்களும் இதையே சொல்லும்: சாதாரணக் குண்டுக்கு ஊதா, கவசம் துளைப்பதற்குப் பச்சை, ட்ரேசருக்குச் சிவப்பு, தீ மூட்டுவதற்கு நீலம். பச்சையை மட்டும் நம்பிவிடாதீர்கள், பித்தளைக் களிம்பும் பச்சைதான். ‘பி’ எழுத்தோ நீல வளையமோ தெரிந்தால் பக்கத்தில் யாரையும் விடாதீர்கள்.

ஆண்டைக் கண்டுபிடித்தவுடன் கதை கட்டுவதுதான் பெரிய தவறு. ‘42’ என்றால் அந்தக் கூடு 1942-இல் செய்யப்பட்டது, அவ்வளவுதான். எப்போது சுடப்பட்டது, யார் கொண்டுவந்தார்கள் என்று அது சொல்லாது. இருபது முப்பது வருடம் கிடங்கில் கிடந்துவிட்டுப் பயிற்சி மைதானத்துக்குப் போயிருக்கலாம். நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் பழைய கூட்டில் புது கேப் பொருத்துவதும் உண்டு. அப்படியானால் கேப்பின் ஓரத்தில் நெம்பிய கீறல் தெரியும், பள்ளமும் பெரும்பாலும் நடுவில் விழுந்திருக்காது.

கழுத்தில் நெடுக்கு வெடிப்பு இருந்தால் அதைப் போலி என்று ஒதுக்க வேண்டாம். மழைக்காலத்தில் இந்தியாவின் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள் இப்படித்தான் விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியாவும் ஈரமும், இழுத்து உருட்டிய பித்தளைக்குள் அடைபட்டிருந்த இறுக்கமும் சேர்ந்த விளைவு அது என்று 1921-இல் விளக்கம் கிடைத்தது. கடையில் விற்கும் சில பித்தளைப் பாலிஷ்களிலும் அமோனியா உண்டு. துலக்காதீர்கள் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.