மத்தியஸ்தம்: நடுவில் நிற்பவர் நடுவரா?

செட்டிநாட்டில் ஒரு பெரிய வீட்டுக்குப் பல புள்ளிகள், அதாவது மணமாகித் தனிக் கணக்கில் வரும் குடும்பங்கள், பங்குதாரர்களாக இருப்பது வழக்கம். ஒருவர் பர்மா தேக்குத் தூண்களைக் கழற்றி விற்கலாம் என்பார், இன்னொருவர் கூடவே கூடாது என்பார். பேச்சு நின்றதும், "பெரியவர் யாரையாவது வைத்து மத்தியஸ்தம் பேசுவோம்" என்று ஒரு குரல் வரும்.

சொல் வடமொழி. 'மத்ய' நடு, 'ஸ்த' நிற்பது. மத்தியஸ்தர் என்றால் நடுவில் நிற்பவர், அவ்வளவுதான். தீர்ப்புச் சொல்லும் வேலை அந்தச் சொல்லில் இல்லை.

சரி, 'நடுவர்' என்றே சொல்லிவிடலாமே? வேர் பொருந்துகிறது, வழக்கு இடிக்கிறது. 1939இல் சா. கணேசன் தொடங்கிய காரைக்குடி கம்பன் கழகத்தின் பட்டிமன்றங்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நடுவர் என்றால் கடைசியில் தீர்ப்புச் சொல்பவர். குற்றவியல் நடுவரும் அப்படியே. மத்தியஸ்தரோ முடிவைச் சம்பந்தப்பட்டவர்கள் வாயிலிருந்தே வரவைக்க வேண்டியவர். 2023ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டமும் தீர்வைத் திணிக்கும் அதிகாரத்தை அவருக்குத் தரவில்லை. நீதிமன்றங்களில் 'சமரசத் தீர்வு மையம்' என்று பலகை இருக்கும். சமரசமும் வடமொழிதான். என்னைக் கேட்டால் செயலுக்கு 'இணக்கப் பேச்சு', ஆளுக்கு 'இணக்குநர்' போதும்.

அப்புறம், நடுவில் ஓர் ஆள் எதற்கு? நேரே பேசினால் ஆகாதா? ஆகாது என்பதற்கு உளவியல் காரணம் சொல்கிறது. ஒரு யோசனை நல்லதாகவே இருந்தாலும், எதிராளி வாயிலிருந்து வந்தால் அதன் மதிப்பு நம் கண்ணில் குறைந்துவிடும். ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் லீ ராஸ் இதை ஆராய்ந்தார். "தூண்களை விடு, பின்கட்டை எடுத்துக்கொள்" என்று தம்பி சொன்னால் அதில் சூழ்ச்சி தெரியும். அதையே பெரியவர் சொன்னால், "யோசிக்கிறேன் அண்ணே" என்று பதில் வரும். முதலில் காதில் விழுந்த விலையிலேயே மனம் மாட்டிக்கொள்வது இன்னொரு வகை.

மனம் இப்படித் தன்னையறியாமல் ஒருபக்கம் சாய்வதைப் பாடநூல் தமிழில் 'அறிதல்சார் பிறழ்வு' என்கிறார்கள். நாக்கில் ஒட்டாத சொல். திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்திலேயே நல்ல சொல் இருக்கிறது:

"சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா
உட்கோட்டம் இன்மை பெறின்"

கோட்டம் என்றால் வளைவு. சொல்லில் வளைவு வராமலிருக்க, முதலில் உள்ளே வளைவு இருக்கக்கூடாது என்கிறது குறள். பேச்சின் கோணலையும் மனத்தின் கோணலையும் ஒரே வேரில் பிடித்துவிடுகிறது. உட்கோட்டம் என்றே நாம் எழுதலாம். அது பங்காளிகளுக்கு மட்டும் உள்ளதல்ல, இணக்குநருக்கும் உண்டு. பேசவந்த பெரியவர் முதலில் யார் வீட்டில் காபி குடித்தார் என்று ஊர் கவனிப்பது அதனால்தான்.