பல்பு எரிந்தால் எர்த் சரியாக இருக்கிறதா?

போன கத்திரியில் காட்பாடிப் பக்கம் ஒரு வீடு. கிரைண்டரைத் தொட்ட அம்மாவை ஷாக் தூக்கி எறிந்திருக்கிறது, எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) விழவே இல்லை. காலில் செருப்பு இருந்ததால் பிழைத்தார். "எர்த் நல்லாத்தான் இருக்கு சார், பல்பு போட்டுப் பார்த்தாச்சு" என்றார் மகன். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 100 வாட் குண்டு பல்பு போட்டுக் காட்டினார். பளிச்சென்று எரிந்தது. எர்த்துக்கும் மண்ணுக்கும் நடுவில் உள்ள தடையை அளக்கும் எர்த் டெஸ்டர் வைத்து அளந்தேன்: 25 ஓம்.

100 வாட் பல்பு அரை ஆம்பியர்கூட இழுக்காது. அந்தக் கரண்டுக்கு 25 ஓமில் பத்துப் பதினோரு வோல்ட்தான் குறையும், பல்பு வெளிச்சத்தில் அது தெரியாது. ஆனால் கிரைண்டர் பாடியில் ஃபேஸ் பட்டால்? 230-ஐ 25-ஆல் வகுத்தால் 9 ஆம்பியர் சொச்சம். 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு அசையாது. கிட்டத்தட்ட முழு வோல்டேஜும் பாடியிலேயே நிற்கும்.

மல்டிமீட்டரும் இதற்கு உதவாது. அது விடுவது டிசி. ஈர மண்ணும் இரும்பும் சேர்ந்தால் சின்ன பேட்டரி மாதிரி, வயரை மாற்றிப் பிடித்தால் வேறு அளவு காட்டும். எர்த் டெஸ்டர் ஏசி விடும், அதுவும் 50 ஹெர்ட்ஸிலிருந்து விலகி, லைன் கரண்ட் கலந்துவிடாதபடி.

மெயினை ஆஃப் செய்து, பிட்டில் (எர்த் குழியில்) எர்த் வயரைக் கழற்றிய பிறகே அளக்க வேண்டும். பிட்டிலிருந்து 30 மீட்டரில் மண்ணில் டெஸ்டரின் ஒரு கம்பி, அதே நேர்கோட்டில் சுமார் 18.5 மீட்டரில் இன்னொன்று. நடுக்கம்பியை முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்த்தினாலும் அளவு பெரிதாக மாறக்கூடாது. நம்ம ஊர் மலையடிவாரங்களில் கம்பி இறங்குவதே பாடு. அளப்பதும் மே மாதத்தில்தான் நல்லது. ஐப்பசி மழையில் எந்த பிட்டும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்.

மாடியில் சோலார் வைத்தவர்கள் பேனல் ஃபிரேமின் எர்த்தையும் பாருங்கள். பேனலின் ஷார்ட் சர்க்யூட் கரண்ட் வழக்கமாக ஓடும் கரண்டைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஃபியூஸ் போய்க் காப்பாற்றும் என்று இருக்க முடியாது.

காட்பாடி வீட்டில் இன்னொரு பிட் எடுத்து, உப்பும் கரியும் போட்டு, பழையதோடு இணைத்தோம். 11 ஓம் வந்தது. அதற்கும் எம்சிபி உடனே விழாது என்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே விழும் சுவிட்ச்) மாட்டினோம். டெஸ்ட் பட்டனை அந்த அம்மாவையே அமுக்கச் சொன்னேன். படக்கென்று விழுந்தது. பிட் மூடியில் அளவையும் தேதியையும் பெயிண்டில் எழுதிவிட்டு வந்தேன்.