உலகளாவிய கூட்டா, சிலுவை மூட்டா?

"உலகளாவிய கூட்டுகளின் இயக்கக் கோணங்களைச் சரிபார்க்கவும்."

கொலராடோவில் இருக்கும் என் அக்கா மகன் போன வாரம் அனுப்பிய குறிப்பில் இப்படி ஒரு வரி. தன் பிக்கப் வண்டியை 3 அங்குலம் உயர்த்தியிருக்கிறான். அப்போதிலிருந்து 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டாலே இருக்கைக்கு அடியில் உதறுகிறதாம். உயர்த்தும் சாமான்களோடு வந்த குறிப்பை, மாமாவுக்கு எளிதாக இருக்கட்டும் என்று கைப்பேசியிலேயே தமிழாக்கி அனுப்பிவிட்டான். நாமக்கல்லில் 20 வருடம் லாரிக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவன் நான். எனக்கே அந்த வரி பிடிபட இரண்டு நிமிடம் ஆயிற்று. இதே சொல்லை வீடியோ அடிவரிகளிலும் பார்த்துவிட்டேன், டிப்ளமோ படிக்கும் பிள்ளைகளின் நோட்டிலும் பார்த்துவிட்டேன். இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

சொல்லவந்த பொருள் யுனிவர்சல் ஜாயிண்ட். பட்டறையில் யூ ஜாயிண்ட், உள்ளே இருக்கும் பாகம் மட்டும் என்றால் கிராஸ். கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு முனையிலும் ஒவ்வொன்று இருக்கும். உள்ளங்கையில் அடங்கும் இரும்புச் சிலுவை அது. நான்கு கைகளுக்கும் நான்கு மூடிகள், மூடிக்குள் வட்டமாக ஊசி பேரிங். கிரீஸ் காய்ந்துபோனதைக் கழற்றினால் அந்த ஊசிகள் செம்பொடியாகக் கொட்டும்.

யுனிவர்சல் என்ற சொல்லின் வேர் லத்தீன். 'ஒன்றாகத் திரும்பியது' என்பது மூலப்பொருள், அதிலிருந்து 'முழுவதும்', 'எல்லாம்'. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோ பெயரால் ஐரோப்பாவில் இதைக் கார்டன் என்கிறார்கள். யுனிவர்சல் என்ற பெயரை 1676இல் எழுத்தில் வைத்தவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். எந்தப் பக்கம் சாய்த்தாலும் சுழற்சியைக் கடத்தும் என்பதே அவர் சொல்லவந்தது. உலகத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகும் வேலை இது. முன்னோர் இப்படிச் செய்யவில்லை. இதே ஆங்கிலச் சொல் தேர்தல் பேச்சில் வந்தபோது 'அனைவருக்கும் வாக்குரிமை' என்றார்கள், உலகளாவிய வாக்குரிமை என்று எழுதிவைக்கவில்லை. பொருளைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லைத் தேடினார்கள்.

'கூட்டு' என்பதும் பொருந்தாது, 'இணைப்பு' என்பதும் போதாது. வெல்டிங் வைத்தாலும் இணைப்புதான், நட்டு போட்டு முறுக்கினாலும் இணைப்புதான். இரண்டும் அசையாது. சேர்ந்தும் இருக்கவேண்டும், வளையவும் வேண்டும் என்றால் தமிழில் அதற்கு மூட்டு என்று பெயர். முழங்கால் மூட்டு, தோள் மூட்டு என்று உடம்பிலேயே வைத்திருக்கிறோம். கைலியை மூட்டுவது என்றால் இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைப்பது. சேர்ப்பது என்ற பொருள் அந்த வினையிலேயே இருக்கிறது.

சரி, என்ன மூட்டு? தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் நண்பர் 'அனைத்துத்திசை மூட்டு' என்றுதான் சொல்ல வேண்டும் என்கிறார். மூலத்துக்கு நெருக்கம், தூய தமிழ், எந்த மதச் சாயலும் இல்லை என்பது அவர் வாதம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனாலும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. முன் சக்கரத்தைத் தாங்கும் பந்து மூட்டும் எல்லாத் திசையிலும்தான் திரும்புகிறது, பிறகு இரண்டையும் எப்படிப் பிரிப்பது? அதைவிடப் பெரிய கெடுதல், எவ்வளவு சாய்த்தாலும் பரவாயில்லை என்று அந்தப் பெயர் நம்பவைக்கிறது. வண்டியை உயர்த்துகிறவர்கள் ஏமாறும் இடமே அதுதான்.

மூட்டு சாய்ந்து சுழலும்போது வேகம் சீராகப் போகாது. 7 டிகிரி சாய்வில் ஒரு பக்கம் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால், மறுபக்கம் 1985க்கும் 2015க்கும் இடையே, சுற்றுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். ஷாஃப்டின் மறுமுனையில் இருக்கும் மூட்டு அதே அளவு சாய்ந்து, சிலுவைகளைப் பிடித்திருக்கும் ஷாஃப்டின் கவைகளும் நேர்கோட்டில் இருந்தால் முதலாவது செய்த குழப்பத்தை இரண்டாவது அழித்துவிடும். கோணங்கள் சமமாக இல்லையென்றால் மிச்சம் நிற்பதுதான் உதறல். மாப்பிள்ளையை அளந்து பார்க்கச் சொன்னேன். முன்னால் 7 டிகிரி, பின்னால் 3. பின் அச்சோடு கட்டிய வில்பட்டையின் பின்முனையில், அதை வண்டிச் சட்டத்தோடு சேர்க்கும் ஷேக்கிளை நீளமாக மாட்டியதில், ஷாஃப்ட் வந்து சேரும் அச்சின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது. அவனோ குறிப்பைப் படித்துவிட்டு, கூட்டு கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு கிராஸையும் புதிதாக மாற்றியிருக்கிறான். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே 4 டிகிரி ஆப்பு வைத்து, தடித்த பக்கம் முன்னால் வருகிறமாதிரி இரண்டையும் சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டை முறுக்கச் சொன்னேன். மூக்கு இறங்கியது, உதறல் நின்றது.

'குறுக்கு மூட்டு' என்றும் சிலர் எழுதுகிறார்கள். எங்கள் பக்கம் குறுக்கு வலிக்கிறது என்றால் இடுப்பு வலிக்கிறது என்று பொருள். அதனால் அது இடுப்பு எலும்பைத்தான் நினைவுபடுத்தும்.

ஆகவே நான் சொல்வது சிலுவை மூட்டு. பட்டறைக்காரர் நாவில் கிராஸ் ஏற்கெனவே இருக்கிறது. சிலுவையும் வெளியிலிருந்து வந்த சொல்தானே என்கிறார் நண்பர். வந்து எவ்வளவோ காலம் ஆயிற்று, எந்தச் சிற்றூரிலும் சொன்ன உடனே அந்த உருவம் கண்ணில் நிற்கிறது. எனக்கு அது போதும். ஷாஃப்டின் ஒரு முனையில் இரண்டைச் சேர்த்து மாட்டினால் இரட்டைச் சிலுவை மூட்டு. வேகம் மாறாமல் கடத்துவது சமவேக மூட்டு. ஒன்றிலிருந்து அடுத்த சொல் தானாகப் பிறக்கிறது, உலகளாவிய கூட்டிலிருந்து எது பிறக்கும்?

அதே குறிப்பில் சிலுவையைப் பிடித்திருக்கும் பாகத்துக்கு 'நுகத்தடி' என்று போட்டிருந்தது. மாட்டின் கழுத்தில் வைப்பதல்லவா அது! இரண்டாகப் பிரிந்த இந்த இரும்பைப் பார்த்தால் உண்டிவில் வெட்டின எந்தப் பையனும் கவை என்றுதான் சொல்வான். அதையும் மாப்பிள்ளைக்கு எழுதி, முதல் வரியையும் திருத்தி அனுப்பினேன்: "சிலுவை மூட்டு இரண்டும் ஒரே அளவு சாய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்."