ட்ராட் மீனின் வட்டச் சன்னல்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஸ்காட்லாந்து ஆறுகளில் கொக்கியில் சேவல் இறகைச் சுற்றி, அதைப் பூச்சி என்று நம்பவைத்து ட்ராட் பிடிக்கிறார்களாமே. அந்த மீன் அவ்வளவு அசடா?”

அசடு இல்லை. அது பார்க்கும் இடம் அப்படி.

வீசும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறகு சுற்றிய அந்தக் கொக்கிக்குச் ‘செயற்கை ஈ’ என்று பெயர், அதற்கு எடை இல்லை என்றே சொல்லலாம். வீசத் தேவையான கனம் தடித்த தூண்டில் கயிற்றில் இருக்கிறது. கழியைப் பின்னும் முன்னும் அசைத்தால் கயிறு வளைந்து நீண்டு விழும், அதன் நுனியில் ஈ மெல்ல நீரில் உட்காரும். சரி, இனி நீருக்குள் போவோம்.

முழு அக எதிரொளிப்பு பள்ளியில் படித்ததுதான்: நீருக்குள்ளிருந்து மிகவும் சாய்வாக வரும் ஒளி வெளியேறாமல் நீருக்குள்ளேயே திரும்பிவிடும். அப்படித் திரும்பத் தொடங்கும் கோணம், அதாவது மாறுநிலைக் கோணம், நீருக்கு ஏறக்குறைய 49 டிகிரி. அதனால் மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும், ஒரு கரையிலிருந்து மறு கரை வரை, 97 டிகிரி அகலமுள்ள வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. ஆற்றடிக் கற்கள்தான் அதில் தெரியும். 30 செ.மீ. ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த வட்டச் சன்னலின் விட்டம் 70 செ.மீ.கூட இருக்காது. மேலே வர வர அது இன்னும் சுருங்கும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ட்ராட் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கிறது, பூச்சி நீரோட்டத்தோடு எதிரே மிதந்து வருகிறது. சன்னலுக்கு வெளியே இருக்கும்வரை பூச்சியின் உடல் மீனுக்குத் தெரியாது. ஆனால் அதன் கால்கள் நீர்ப்படலத்தை அழுத்துகிற இடங்களில் சின்னச் சின்னக் குழிகள் விழுகின்றன. கண்ணாடியில் அவை ஒளிப்புள்ளிகளாக மின்னுகின்றன. மீனுக்குக் கிடைக்கும் முதல் தகவல் அந்த மினுக்கம்தான். அப்புறம் சன்னலின் விளிம்புக்கு மேலே இறக்கை நுனி மட்டும் தனியாகத் தோன்றும், உடலோடு ஒட்டாமல். இன்னும் நெருங்கினால்தான் இரண்டும் சேர்ந்து முழுப் பூச்சியாகும். அதற்குள் மீன் மேலெழத் தொடங்கியிருக்கலாம். கொக்கியைச் சுற்றி விறைத்து நிற்கும் சேவல் கழுத்திறகு இழைகள் செய்வதும் அதே வேலைதான்: நீர்ப்படலத்தில் குழி விழவைப்பது. நம் கண்ணுக்கு அது துடைப்பக்கட்டை போல இருந்தால் என்ன!

தூண்டில்காரர்கள் குனிந்து நடப்பதற்கும் இதே காரணம்தான். தொடுவானத்தை ஒட்டிய பத்து டிகிரிக்குள் இருப்பதெல்லாம் சன்னல் விளிம்பில் நசுங்கி மங்கிவிடும். பத்து மீட்டர் தள்ளி இருப்பவர் நீர்மட்டத்துக்கு மேல் 1.7 மீட்டருக்குள் அடங்கினால் மீனின் கண்ணிலிருந்து தப்பிக்கலாம்.

தூண்டில் பருவத்தை முடிவு செய்வது பூச்சிகள். ட்வீட் ஆற்றில் மார்ச், ஏப்ரலில் ‘மார்ச் பிரவுன்’ பூச்சி நண்பகலின் சிறு வெப்பத்தில் வெளிவரும். மே கடைசியில் பெரிய மேஃப்ளை. அது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சேற்றில் கிடந்துவிட்டு, இறக்கை முளைத்தபின் எதையும் சாப்பிடாமல் சில நாட்களில் இறந்துவிடும். கோடையில் நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நல்ல தூண்டில்காரர் கழியை மடக்கிவிடுவார். பத்து டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், இருபதில் ஒன்பதுதான். அந்த நீரில் இழுபட்டுக் களைத்த மீனைத் திரும்ப விட்டாலும் அது பிழைப்பது கடினம்.

சால்மன் மீனின் கதை வேறு. முட்டையிடக் கடலிலிருந்து ஸ்பே, டே ஆறுகளுக்குள் ஏறியதும் அது உணவை நிறுத்திவிடுகிறது. பிறகு ஏன் ஈயைக் கவ்வுகிறது? சிறு வயதில் ஆற்றில் பூச்சி தின்ற பழக்கம் என்கிறார்கள் சிலர், எரிச்சல் என்கிறார்கள் சிலர். முடிவான விடை இல்லாத இடத்தில் மூடநம்பிக்கை வளரும். விக்டோரியா காலத்தில் இந்த நிறம்தான் ராசி என்று பல நாட்டுப் பறவைகளின் இறகுகளைச் சேர்த்துக் கட்டினார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிக் கழுத்திறகும் அதற்காகக் கப்பலேறியது. சால்மன் அதைக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

2023 டிசம்பரில் பிரிட்டன் சால்மனை, உயிரினங்களின் நிலையைக் கணிக்கும் பன்னாட்டு அமைப்பான ஐயூசிஎன், ‘அழியும் அபாயத்தில்’ உள்ள இனமாக அறிவித்தது. ஸ்காட்லாந்தில் ஏப்ரல் 1-க்கு முன் பிடிபடும் சால்மனை ஆற்றிலேயே விட வேண்டும் என்பது ஏற்கெனவே சட்டம். என்னைக் கேட்டால், ஆண்டுதோறும் பூச்சிகளை எண்ணுவது, நீரின் வெப்பத்தைக் குறிப்பது போன்ற சலிப்பான வேலைகளுக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும். ஆய்வு நிதிக் குழுக்களுக்கு அதில் கவர்ச்சி தெரிவதில்லை.