டெலீட் வேலையை லிங்க்கில் வைக்காதீர்கள்

பழைய பிஎச்பி தளங்களைப் பாதுகாப்புப் பரிசோதனைக்கு எடுத்தால் நான் முதலில் தேடுவது டெலீட் பட்டனைத்தான். பல தளங்களில் அது பட்டனே இல்லை, ஐடி ஒட்டிய வெறும் லிங்க். கிளிக் செய்தால் ஒரு கெட் ரெக்வெஸ்ட் (முகவரியைத் திறந்து பக்கத்தைக் கேட்கும் சாதாரண வேண்டுகோள்) சர்வருக்குப் போகும், டேட்டாபேஸில் ஒரு பதிவு காணாமல் போகும். கேட்டால், "அட்மின் லாகின் இருக்கே, வேற யார் தொடப்போறாங்க?" என்பார்கள்.

ஆள் தொட வேண்டியதில்லை. 2005 மே மாதம் கூகுள் வெளியிட்ட வெப் ஆக்ஸிலரேட்டர், திறந்திருக்கும் பக்கத்தின் லிங்க்குகளை முன்கூட்டியே எடுத்து வைத்தது. பயனரின் லாகினோடு போனதால் பேஸ்கேம்ப் போன்ற செயலிகளில் டெலீட் லிங்க்குகளையும் அதுவே திறந்தது, தகவல்கள் அழிந்தன. கெட் என்பது எடுத்துத் தர மட்டுமே என்று பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிகளைச் சொல்லும் 1999-இன் எச்டிடிபி 1.1 ஆவணமே சொல்லியிருந்தது. இன்றும் மெயில் ஸ்கேனர்கள் லிங்க்குகளைத் தாமாகத் திறந்து பார்க்கின்றன. அதனால்தான் ஒரே கிளிக்கில் மெயில் சந்தாவை நிறுத்தும் வசதிக்கு, 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8058 என்ற இணையத் தர ஆவணம் போஸ்ட்டைக் (ஃபார்ம் போல, தகவலை ரெக்வெஸ்ட்டின் உள்ளே வைத்து அனுப்பும் முறை) கட்டாயமாக்கியது.

சரி, ஃபார்மை போஸ்ட்டுக்கு மாற்றினால் போதுமா? போதாது. பிஎச்பியின் ரெக்வெஸ்ட் அர்ரேயில் கெட், போஸ்ட் இரண்டின் மதிப்புகளும் கலந்து வரும். ஸ்கிரிப்ட் அதிலிருந்து ஐடியைப் படித்தால் பழைய லிங்க் அப்படியே வேலை செய்யும். நான் அடிக்கடி பார்ப்பது இந்த அரைகுறைத் திருத்தத்தைத்தான். வேறு தளத்திலிருந்து வரும் ரெக்வெஸ்ட்டுகளில் லாகின் குக்கீ போவதைக் கட்டுப்படுத்தும் சேம்சைட் லேக்ஸ் அமைப்பும் இங்கே காப்பாற்றாது. வேறு தளத்து லிங்க்கைக் கிளிக் செய்து வரும் கெட்டோடு குக்கீயும் வந்துவிடும்.

எனவே எதையும் மாற்றும் ஸ்கிரிப்ட் முதலில் மெத்தடை, அதாவது வந்தது கெட்டா போஸ்ட்டா என்று, பார்க்க வேண்டும். போஸ்ட் இல்லையென்றால் 405 ('இந்த மெத்தடுக்கு அனுமதி இல்லை' என்ற குறியீடு) கொடுத்து, பதிலின் அலவ் ஹெடரில் போஸ்ட் என்று எழுதி, அங்கேயே நின்றுவிட வேண்டும். அடுத்து சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (ஃபார்ம் நம் தளத்திலிருந்தே வந்ததா என்று காட்டும் ரகசியக் குறி), அனுமதிச் சோதனை. வேலை முடிந்ததும் 303 கொடுத்து வேறு பக்கத்துக்கு அனுப்புங்கள். ரீஃப்ரெஷ் செய்தால் ஃபார்ம் மறுபடி போகாது.

தேடல், வடிகட்டல் எல்லாம் கெட்டிலேயே இருக்கட்டும், அதுதான் சரி. பாஸ்வேர்டு மட்டும் கூடவே கூடாது. சர்வர் லாகிலும் பிரவுசர் ஹிஸ்டரியிலும் அப்படியே பதிந்துவிடும்.

இன்றே டெஸ்ட் சர்வரில் லாகின் செய்து, டெலீட் முகவரியை ஐடியோடு அட்ரஸ் பாரில் அடித்துப் பாருங்கள். பதிவு அழிந்தால் அந்த ஸ்கிரிப்ட்டை முதலில் திருத்துங்கள், அப்புறம் அப்டேட், அப்ரூவ் ஸ்கிரிப்ட்டுகளையும் இதேபோல் சோதியுங்கள்.